கிறிஸ்துமஸ் குடும்பப் படங்களும் பரிசு வேட்டையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிசம்பர் பிறந்ததும் ஓடிடி தளங்களின் முகப்பில் அமெரிக்கக் கிறிஸ்துமஸ் நகைச்சுவைப் படங்கள் வரிசைகட்டி வந்துவிடும். பிள்ளைகளோடு உட்கார்ந்து அவற்றைப் பார்க்கும் பெற்றோருக்கு எழும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன். பல படங்களின் முடிவும் இதில் வருகிறது. முடிவு தெரியாமல் பார்க்க விரும்புகிறவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு வந்து படிக்கலாம்.

இந்தப் படங்களில் ஏன் எப்போதும் அப்பாதான் எதையாவது மறக்கிறார்?

வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே அல்லாடும் அப்பாவை வைத்துத்தான் இந்த வகைப் படங்களே ஓடுகின்றன. 1994-இல் வந்த 'தி சாண்டா கிளாஸ்' படத்தின் அப்பா ஒரு பொம்மைக் கம்பெனியில் வேலை பார்ப்பவர், விவாகரத்தானவர். 2003-இல் வந்த 'எல்ஃப்' படத்தின் அப்பா குழந்தைகளுக்கான புத்தகங்களை வெளியிடுபவர். தன் பிள்ளைக்கு மட்டும் அவரிடம் நேரமில்லை. 1996-இல் வந்த 'ஜிங்கிள் ஆல் தி வே' படத்தில் அர்னால்ட் ஷ்வார்ஸ்நெக்கர் மெத்தை வியாபாரியாக வருகிறார். மகன் ஜேமி கராத்தே வகுப்பில் பெல்ட் வாங்கும் நிகழ்ச்சிக்கு அவரால் போய்ச் சேர முடியவில்லை. பிள்ளையைச் சமாதானப்படுத்த, 'டர்போ மேன்' பொம்மை வாங்கித் தருவதாக வாக்குக் கொடுக்கிறார். அதை வாங்கச் சொல்லி மனைவி முன்பே நினைவுபடுத்தியிருந்தார். டிசம்பர் 24 விடியும்போது நாட்டில் எந்தக் கடையிலும் அந்தப் பொம்மை இல்லை.

அந்தப் பொம்மை ஆசைக்காக வாங்கும் பொருள் அல்ல என்பதை இங்கே கவனிக்க வேண்டும். கொடுக்காமல் விட்ட நேரத்துக்கு அப்பா கட்டும் அபராதம் அது. இந்தப் படங்களை வெறும் நுகர்வுவெறி என்று தள்ளிவிடுகிறவர்கள் இதைப் பார்க்கத் தவறுகிறார்கள்.

'ஜிங்கிள் ஆல் தி வே' மோசமான படம் என்றுதானே விமர்சகர்கள் சொன்னார்கள்?

ஆமாம், வெளிவந்தபோது பலர் அதைக் கடுமையாகத் தாக்கினார்கள். அடிதடி அதிகம், கடைசி அரைமணி நேரம் வெறும் கூச்சல் என்ற குறைகளை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பரிசு வாங்கும் அவஸ்தையை இத்தனை நேரடியாகக் காட்டிய ஹாலிவுட் குடும்பப் படம் வேறில்லை. கடை திறக்கும் முன்பே வாசலில் நெருக்கும் கூட்டம், அந்தப் பொம்மையைக் கேட்டதும் வாய்விட்டுச் சிரிக்கும் விற்பனையாளர்கள், அமெரிக்காவின் மிகப் பெரிய வணிக வளாகங்களில் ஒன்றான மால் ஆஃப் அமெரிக்காவில் குலுக்கல் பந்துக்காக ஒருவர்மேல் ஒருவர் விழும் பெற்றோர், கிடங்கு ஒன்றில் சாண்டா வேடத்தில் போலிப் பொம்மை விற்கும் கும்பல் என்று வரிசையாக வருகிறது. மிகைப்படுத்தல் இருக்கிறது. ஆனால் எதுவும் ஆகாயத்திலிருந்து குதித்ததல்ல.

அப்படியானால் பொம்மைக்காக உண்மையிலேயே அடிதடி நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது. 1983-இல் கொலிகோ நிறுவனம் 'கேபேஜ் பேட்ச் கிட்ஸ்' பொம்மைகளைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஒவ்வொன்றுக்கும் தனி முகம், தனிப் பெயர். கூடவே 'தத்தெடுப்புச் சான்றிதழ்'. அந்த நவம்பரில் பென்சில்வேனியாவின் வில்க்ஸ்-பேர் நகரத்துக் கடை ஒன்றில் கூட்டம் கட்டுமீறிப் போனது. ஒரு பெண்ணுக்குக் கால் எலும்பு முறிந்தது. கடை மேலாளர் பேஸ்பால் மட்டையை எடுத்துக்கொண்டு நின்றார். அந்தச் செய்திப் படங்கள் நாடு முழுவதும் தொலைக்காட்சியில் ஓடின. பொம்மைக்குக் கிராக்கி இன்னும் ஏறியது.

'ஜிங்கிள் ஆல் தி வே' படத்தைத் தயாரித்த கிறிஸ் கொலம்பஸே 1995-இல் 'டாய் ஸ்டோரி' படத்தின் 'பஸ் லைட்இயர்' பொம்மை தேடிக் கடை கடையாக அலைந்தவர். படம் வெளிவந்த அதே 1996 நவம்பரில் 'டிக்கிள் மீ எல்மோ' என்ற, தொட்டால் குலுங்கிச் சிரிக்கும் பொம்மைக்கு வெறி கிளம்பியது. டிசம்பரில் கனடாவின் ஃப்ரெடரிக்டன் நகரத்துக் கடையில், கையில் எல்மோவுடன் நின்ற ஊழியரைக் கூட்டம் மிதித்துக் காயப்படுத்தியது. எல்மோ ரகளையெல்லாம் படத்தை எடுத்து முடித்த பிறகு நடந்தவை. திரையில் பார்த்துச் சிரித்ததை அடுத்த வாரமே செய்தித்தாளில் படிக்க வேண்டியிருந்தது.

பொம்மை ஏன் சரியாக டிசம்பரில் தீர்ந்துபோகிறது? வேண்டுமென்றே பதுக்குகிறார்களா?

பதுக்காமலேயே தீர்ந்துபோகும், தொழிலின் கால அட்டவணை அப்படி. பெரிய கடைகள் வருடத் தொடக்கத்திலேயே அந்த வருட இறுதிக்கான பொம்மைகளைப் பார்த்து ஆர்டர் கொடுத்துவிடுகின்றன. உற்பத்தி பெரும்பாலும் சீனாவில். கப்பலில் வந்து இறங்கி, கிடங்குக்குப் போய், கடை அலமாரியை எட்டப் பல வாரங்கள் ஆகும். எந்தப் பொம்மை ஓடும் என்று முன்கூட்டி யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. ஜனவரியில் விற்காமல் நிற்கும் சரக்கு கடைக்காரருக்கு நேரடி நஷ்டம். அதனால் கை அடக்கித்தான் ஆர்டர் போடுகிறார்கள். நவம்பரில் திடீரென்று கிராக்கி ஏறினால் தொழிற்சாலையால் ஈடுகொடுக்க முடியாது.

இதற்காகக் கம்பெனிகளைக் குற்றமற்றவை என்று விட்டுவிட வேண்டியதில்லை. தட்டுப்பாடு வந்துவிட்டால் அது காசில்லாத விளம்பரம் என்று அவர்களுக்குத் தெரியும். இன்று அந்த இடத்தில் மறுவிற்பனைக்காரர்கள் இருக்கிறார்கள். தானியங்கி மென்பொருளை வைத்து, விற்பனை தொடங்கிய சில நிமிடங்களில் இணையக் கடையைக் காலி செய்துவிட்டு, பல மடங்கு விலைக்கு விற்கிறார்கள். 2020-இல் பிளேஸ்டேஷன் 5 வீடியோ கேம் கருவி வந்தபோது பார்த்தோம்.

'ஜிங்கிள் ஆல் தி வே' படத்தில் தபால்காரர் மைரனை ஏன் வில்லனாக்கினார்கள்?

எனக்கு இந்தப் படத்தில் ஆறாத இடம் இதுதான். நகைச்சுவைக் கலைஞர் சின்பாட் நடித்த மைரனும் ஓர் அப்பா. அவருக்கும் அதே பொம்மை வேண்டும், மகனுக்காக ஏங்கும் அதே மனம். ஓர் உணவகத்தில் உட்கார்ந்து கதாநாயகனிடம் தன் கதையைச் சொல்கிறார். சிறுவயதில் 'ஜானி செவன்' என்ற பொம்மைத் துப்பாக்கி கேட்டிருந்தார்; அவர் அப்பாவால் வாங்கித் தர முடியவில்லை. பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கிடைத்தது. அவன் பின்னாளில் பெரும் பணக்காரனானான். தான் இப்படி ஆகிவிட்டேன் என்கிறார். காட்சி சிரிப்புக்காக எழுதப்பட்டது. ஆனால் கிறிஸ்துமஸ் முடிந்து பள்ளிக்கூடம் திறந்ததும் "உனக்கு என்ன கிடைச்சுது?" என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் நின்ற எந்தப் பிள்ளைக்கும் அது சிரிப்புக் காட்சியாக இருக்க முடியாது.

இரண்டு அப்பாக்களும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள்: வரிசையை மீறுகிறார்கள், பொய் சொல்கிறார்கள், திருடவும் துணிகிறார்கள். பெரிய வீடும் சொந்த வியாபாரமும் உள்ளவரை ஊர் தோளில் தூக்குகிறது. சம்பளத்துக்கு மூட்டை சுமக்கும் தபால்காரரைப் போலீஸ் பிடிக்கிறது. கடைசியில் சிறுவன் ஜேமி தனக்குக் கிடைத்த பொம்மையை மைரனிடமே கொடுத்துவிடுகிறான். என் அப்பாவே எனக்கு டர்போ மேன் என்கிறான். படத்தில் மனசாட்சியோடு நடந்துகொள்ளும் ஒரே ஆள் அந்தக் குழந்தைதான். ஆனாலும் வரிசையை உண்டாக்கியவர்கள்மேல் படம் கைவைப்பதே இல்லை. நின்றவர்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு முடிந்துபோகிறது. இந்த வகைப் படங்கள் எல்லாவற்றின்மேலும் எனக்குள்ள முதல் குற்றச்சாட்டு அதுதான்.

இவை வணிகத்தை விமர்சிக்கின்றனவா, விளம்பரம் செய்கின்றனவா?

இரண்டையும் ஒரே மூச்சில் செய்கின்றன. டர்போ மேன் பொம்மையை டைகர் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் நிஜமாகவே தயாரித்து, படம் ஓடும்போதே கடையில் விற்றது.

1992-இல் வந்த 'ஹோம் அலோன் 2' இன்னும் தெளிவான உதாரணம். கதாநாயகனான சிறுவன் கெவின் கையில் வைத்திருக்கும் 'டாக்பாய்' ஒலிப்பதிவுக் கருவி முதலில் படத்துக்கான பொருள். பிறகு அது விற்பனைக்கு வந்தது. படத்தில் செய்வதுபோல் குரலை மெதுவாக்கும் வசதி அதில் இல்லை என்று குழந்தைகள் கடிதம் எழுத, அந்த வசதியோடு அடுத்த வருடம் புதிய வடிவம் வந்து ஓகோவென்று விற்றது. அதே படத்தில் பொம்மைக் கடை முதலாளி, கிறிஸ்துமஸ் விற்பனைப் பணத்தைக் குழந்தைகள் மருத்துவமனைக்குக் கொடுக்கிறார். திருடர்களிடமிருந்து அந்தப் பணத்தைக் காப்பதுதான் கெவினின் வேலை. நல்ல கதை. ஆனால் முடிவில் முதலாளி நன்றிக்கடனாக அனுப்பும் பரிசு மலை போய்ச் சேர்வது எங்கே? ஆடம்பர ஓட்டல் அறையில் தங்கியிருக்கும் கெவின் குடும்பத்துக்கு. மருத்துவமனைப் பிள்ளைகள் பரிசைப் பிரிப்பதை நமக்குக் காட்டியிருக்கலாம்.

'எ சார்லி பிரவுன் கிறிஸ்துமஸ்' என்ற கார்ட்டூன் 1965 டிசம்பர் 9 அன்று சிபிஎஸ் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. பண்டிகை விலைபோய்விட்டதே என்று ஒரு சிறுவன் மனம் வெதும்பும் கதை. லூக்கா நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தைக் குழந்தை ஒன்று மேடையில் நின்று சொல்லும். அதற்குப் பணம் போட்டது கோகோ கோலா. அதனால் அந்தப் படைப்பின் உண்மை குறைந்துவிட்டது என்று நான் நினைக்கவில்லை. இன்றைக்கும் அது என்னை உருக்குகிறது. யார் பணம் போட்டார்கள் என்பதும் தெரிந்திருந்தால் நல்லது, அவ்வளவுதான்.

இந்த வணிகத்தை உண்மையாக விளங்கிக்கொண்ட படம் எது?

1947-இல் வந்த 'மிராக்கிள் ஆன் 34த் ஸ்ட்ரீட்'. நியூயார்க்கின் மேசிஸ் கடையில் சாண்டாவாக வேலைக்குச் சேரும் பெரியவர், கேட்ட பொம்மை அங்கே இல்லையென்றால் போட்டிக் கடையான கிம்பெல்ஸுக்குப் போகச் சொல்கிறார். முதலில் மேலாளர் பதறுகிறார். வாடிக்கையாளர்கள் நெகிழ்ந்துபோய் நன்றி சொல்ல வரவே, முதலாளி அதையே கடையின் கொள்கையாக்கிவிடுகிறார். நல்லெண்ணம்கூட எப்படி விற்பனை உத்தியாகிவிடும் என்பதை இவ்வளவு மென்மையாகவும் கூர்மையாகவும் வேறு யாரும் சொல்லவில்லை. அந்தப் பெரியவராக நடித்த எட்மண்ட் க்வென்னுக்குச் சிறந்த துணை நடிகருக்கான ஆஸ்கர் கிடைத்தது. கோடையில்தான் மக்கள் அதிகமாகத் திரையரங்குக்கு வருவார்கள் என்ற கணக்கில், இந்தக் கிறிஸ்துமஸ் கதையைக் கோடைகாலத்தில் வெளியிட்டார்கள்; விளம்பரத்தில் கிறிஸ்துமஸ் பற்றிப் பெரிதாக மூச்சே விடவில்லை.

கிறிஸ்துமஸ் எப்போது பரிசுப் பண்டிகை ஆனது?

அமெரிக்காவில் அது அவ்வளவு பழையதல்ல. மாசசூசெட்ஸ் காலனியில் 1659-இல் கிறிஸ்துமஸ் கொண்டாடினால் 5 ஷில்லிங் அபராதம் என்று சட்டமே இருந்தது; 1681-இல்தான் அதை நீக்கினார்கள். பண்டிகையைக் கொண்டாடிய இடங்களில் அது தெருக் கொண்டாட்டமாக இருந்தது. ஏழைகள் கூட்டமாகப் பணக்காரர் வீட்டுக் கதவைத் தட்டி, பாட்டுப் பாடி, உணவும் மதுவும் உரிமையோடு கேட்பார்கள். 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நியூயார்க்கின் வசதியான குடும்பங்கள் பண்டிகையை வீட்டுக்குள் கொண்டுபோயின. 1823-இல் வெளியான புகழ்பெற்ற கவிதை ஒன்று, புகைக்கூண்டு வழியாக இறங்கிவந்து காலுறைகளில் பொம்மை நிரப்பும் புனித நிக்கோலாவை எல்லோர் மனதிலும் பதியவைத்தது. வாசலுக்கு வந்த ஏழைக்குக் கொடுத்தது போய், வீட்டுக்குள் இருக்கும் சொந்தப் பிள்ளைக்குக் கொடுப்பது வந்தது. மைரன் வெளியே நிற்பது அன்று தொடங்கியது என்பேன்.

பிறகு கடைகளின் காலம். மேசிஸ் கடை 1867-இல் கிறிஸ்துமஸுக்கு முந்திய நாள் நள்ளிரவு வரை திறந்திருந்தது. 1939-இல் நன்றி நவிலும் நாள் (தேங்க்ஸ்கிவிங்) நவம்பர் 30-இல் வருவதாக இருந்தது. அது முடிந்த பிறகே கிறிஸ்துமஸ் விற்பனை தொடங்குவது வழக்கம் என்பதால் வியாபாரிகள் முறையிட, அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் அதை ஒரு வாரம் முன்னுக்கு இழுத்தார். பாதி மாநிலங்கள் ஒரு நாளிலும் மீதி வேறு நாளிலும் கொண்டாடின. கடைசியில் நவம்பரின் நான்காவது வியாழன் என்று 1941-இல் சட்டம் போட்டுத் தீர்த்தார்கள். சிவப்பு மூக்கு மான் ருடால்ஃப்கூட அதே 1939-இல் மான்ட்கோமரி வார்ட் கடை, வாடிக்கையாளரின் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கொடுக்க அச்சிட்ட புத்தகத்தில் பிறந்ததுதான்.

அமெரிக்கச் சில்லறை வணிகர் கூட்டமைப்பின் கணக்குப்படி 2024 நவம்பர், டிசம்பர் இரண்டு மாத விற்பனை சுமார் 99,400 கோடி டாலர்.

யாருமே எதிர்க்கவில்லையா?

எதிர்த்தார்கள், அதுவும் நூறு வருடத்துக்கு முன்பே. 1912-இல் நியூயார்க்கில் 'பயனற்ற பரிசுகளைத் தடுக்கும் சங்கம்' தொடங்கியது. முன்னின்றவர்களில் எலினோர் பெல்மான்ட், ஆன் மார்கன் என்ற இரு சீமாட்டிகள் உண்டு. ஆனால் அதன் உயிர் கடையில் வேலைபார்த்த பெண்கள்தான். அவர்கள் தங்கள் சொற்பச் சம்பளத்திலிருந்து காசு போட்டு மேற்பார்வையாளர்களுக்குக் கிறிஸ்துமஸ் பரிசு வாங்கிக் கொடுக்க வேண்டியிருந்தது. மறுத்தால் வேலையில் கெடுபிடி. அந்தக் கட்டாயத்தை உடைக்கத்தான் சேர்ந்தார்கள். முன்னாள் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டும் உறுப்பினரானார். பரிசுக்கு எதிராகப் பேசினால் கஞ்சன் என்பார்கள். அந்தப் பெண்களின் கதையைச் சொன்னால் வாயடைத்துப் போவார்கள்.

பரிசு கொடுப்பதே பணவிரயம் என்று ஒரு பொருளாதார ஆய்வு சொல்கிறதாமே?

ஜோயல் வால்ட்ஃபோகல் 1993-இல் எழுதிய கட்டுரை அது. பரிசுக்குச் செலவான தொகையையும் பெற்றவர் அதற்குப் போடும் மதிப்பையும் ஒப்பிட்டு, பத்தில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை வீணாவதாகக் கணக்கிட்டார். அவர் கேட்டது கல்லூரி மாணவர்களை. உணர்வுபூர்வமான மதிப்பைக் கழித்துவிட்டுச் சொல்லச் சொன்னார். பாட்டி பின்னிய ஸ்வெட்டரிலிருந்து பாட்டியைக் கழித்துவிட்டு விலை சொல்வது எப்படி?

அம்மாக்கள் எங்கே போனார்கள்?

வேலை செய்துகொண்டிருக்கிறார்கள். பட்டியல் போடுவது, நினைவுபடுத்துவது, பொட்டலம் கட்டுவது, சமைப்பது எல்லாம் திரைக்கு வெளியே நடக்கிறது. 'ஜிங்கிள் ஆல் தி வே' படத்தில் பெயர்ப்பட்டியல் ஓடி முடிந்த பிறகு சின்னக் காட்சி ஒன்று வரும். பலர் பார்க்காமல் எழுந்துவிடுவார்கள். மரத்தின் உச்சியில் நட்சத்திரம் வைக்கும் கணவரிடம், எனக்கு என்ன வாங்கினீர்கள் என்று மனைவி கேட்பார். அவர் முகம் வெளிறிப்போகும். ஒரு நாள் முழுக்க ஊரைத் தலைகீழாக்கிய மனிதருக்கு மனைவியின் நினைவே வரவில்லை.

முதல் 'ஹோம் அலோன்' (1990) இந்த விஷயத்தில் மேலானது. மகனைத் தேடி பாரிஸிலிருந்து நாடு கடந்து வரும் அம்மாவின் பயணம் படத்தின் பாதி. கெவினும் சாண்டா வேடக்காரரிடம், பரிசு வேண்டாம், என் குடும்பம் திரும்பி வரட்டும் என்றுதான் கேட்கிறான்.

விளம்பரத்திலிருந்து பிள்ளைகளைக் காக்கச் சட்டம் உண்டா?

நாட்டுக்கு நாடு வேறுபடும். அமெரிக்காவில் 1984-இல் குழந்தைகள் நிகழ்ச்சி விளம்பரக் கட்டுப்பாட்டைத் தளர்த்தினார்கள். பொம்மை விற்பதற்கென்றே கார்ட்டூன்கள் பெருகின. 1990-இல் வந்த சட்டம் வார நாட்களில் மணிக்கு 12 நிமிடம், வார இறுதியில் 10.5 நிமிடம் என்று வரம்பு வைத்தது. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 13 வயதுக்குக் கீழுள்ளவர்களைக் குறிவைக்கும் விளம்பரத்துக்கு 1980 முதலே தடை. ஸ்வீடனும் 1991-இல் 12 வயதுக்குக் கீழ் என்று தொலைக்காட்சி விளம்பரத்தைத் தடுத்தது. பொம்மையைப் பிரித்துக் காட்டும் யூடியூப் காணொளிகள் வந்த பிறகு இந்த வேலிகளில் பெரிய ஓட்டை விழுந்துவிட்டது.

நாங்கள் டொரான்டோவில் வாழும் இந்துக் குடும்பம். பள்ளியில் எல்லோருக்கும் சாண்டா வருகிறார், எனக்கு ஏன் வரவில்லை என்று பிள்ளை கேட்கிறான். என்ன செய்வது?

பிள்ளையின் கேள்வி மதத்தைப் பற்றியதல்ல. தன்னை விட்டுவிட்டார்களோ என்ற பயம். சிறிய பரிசு ஒன்றைக் கொடுப்பதில் தவறே இல்லை. ஆனால் விலையுயர்ந்த பொருளைச் சாண்டா கொடுத்ததாகச் சொல்லாதீர்கள். ஒரு பிள்ளைக்கு டேப்லெட்டும் இன்னொரு பிள்ளைக்குக் கையுறையும் அதே சாண்டா கொடுத்தால், இரண்டாவது பிள்ளை தன்னிடம் ஏதோ குறை என்று நினைத்துக்கொள்ளும். பெரிய பரிசு அப்பா அம்மா பெயரில் வரட்டும்.

கூடவே, திருநெல்வேலி, தூத்துக்குடி, நாகர்கோவில் பக்கம் கிறிஸ்துமஸ் எப்படி நடக்கிறது என்றும் சொல்லுங்கள். புதுத்துணி, வாசலில் நட்சத்திரம், வீடு வீடாக வரும் கேரல் குழு, அதனோடு ஆடிவந்து மிட்டாய் கொடுக்கும் கிறிஸ்துமஸ் தாத்தா. அதிரசமும் முறுக்கும் கேக்கும் தட்டில் வைத்து, முதலில் அக்கம்பக்கத்து இந்து, முஸ்லிம் வீடுகளுக்குப் போகும். மரத்தடியில் பரிசு குவிக்கும் பழக்கம் அங்கே பெரும்பாலான வீடுகளில் கிடையாது.

சின்னப் பிள்ளைகளோடு எதைப் பார்க்கலாம்?

6 வயதுக்கு 'சார்லி பிரவுன்'. 8 வயதுக்கு மேல் 'எல்ஃப்', 'ஹோம் அலோன்'. 10 வயதுக்கு மேல் 'ஜிங்கிள் ஆல் தி வே'. மைரன் கதை சொல்லும் இடத்தில் நிறுத்தி, யார் பக்கம் நியாயம் என்று பிள்ளையிடம் கேளுங்கள். 'மிராக்கிள் ஆன் 34த் ஸ்ட்ரீட்' சாண்டா உண்டா இல்லையா என்ற வழக்கைப் பற்றியது. சாண்டாவை நம்பும் பிள்ளைகள் கேள்வியோடு எழுவார்கள், தயாராக இருங்கள். 'நேஷனல் லாம்பூன்ஸ் கிறிஸ்துமஸ் வெக்கேஷன்' பெரியவர்களுக்கு.

வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்குப் பொம்மை கொடுக்க விரும்புகிறோம். எப்படிக் கொடுப்பது?

அமெரிக்காவில் மரீன் படையின் ரிசர்வ் பிரிவு 1947-இல் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கிய 'டாய்ஸ் ஃபார் டாட்ஸ்' இன்றும் நடக்கிறது. முதல் வருடமே 5,000 பொம்மைகள் சேர்ந்தன. புதிய பொம்மையை வண்ணத்தாள் சுற்றாமல் கொடுக்கச் சொல்வார்கள். எந்த வயதுப் பிள்ளைக்குப் பொருந்தும் என்று பார்த்துப் பிரிக்க அது வசதி. நீங்கள் தனியாகக் கொடுப்பதாக இருந்தாலும் இதையே செய்யுங்கள். வண்ணத்தாளையும் ரிப்பனையும் தனியாக வைத்து, பெற்றோர் கையில் கொடுத்துவிடுங்கள். பிள்ளை இல்லாத நேரத்தில் கொடுங்கள், படம் எடுக்காதீர்கள். சுற்றிக் கட்டிப் பெயர் எழுதி, பிள்ளையிடம் நீட்டுகிற கை அந்த அம்மாவுடையதாகவோ அப்பாவுடையதாகவோ இருக்கட்டும்.